ரெண்டு கை விறகு

எங்கள் குடும்பத்துப் பெண்களில் கடையில் உட்கார்ந்து இட்லி தின்ற முதல் ஆள் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. என் அம்மா ஒருநாளும் கடைப் பண்டம் தொட்டதில்லை. அப்பாவோ, கிளப்புக் கடைக்குப் போகிறவன் வீட்டில் பெண் எடுக்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்று பேசுகிறவர். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த எனக்கு அந்தப் பாக்கியத்தைக் காட்டிக்கொடுத்தவர் என் மாமா, அதாவது அப்பாவுடைய அக்காவின் வீட்டுக்காரர். அவர் கிளப்புக் கடைக்குப் போகிறவர் என்பது அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. தெரிந்திருந்தால் ஏற்கெனவே கட்டிக்கொடுத்துவிட்ட அக்காவை என்ன செய்திருப்பார் என்று தெரியவில்லை.

அந்த வருஷம் அம்மா பிரசவத்துக்குப் பிறந்த வீடு போனாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் ஒரு வண்டியில் ஏற, என்னை இன்னொரு வண்டியில் ஏற்றி அத்தை வீட்டுக்குத் தாட்டிவிட்டார்கள். மோகனூருக்கு மேற்கே இரண்டு கல் தொலைவில் வாய்க்கால் ஓரத்து ஊர். மாமாவுக்கு வெற்றிலைக் கொடிக்காலும் கொஞ்சம் நெல் வயலும் இருந்தன. ஒரே மகள், அவளையும் ஆற்றுக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்தாயிற்று. அத்தை, மாமா, ஒரு பண்ணையாள், நாலு மாடு. வீடு அவ்வளவுதான்.

அம்மாவைப் பிரிந்து போகிறோமே என்று எனக்கு அழுகை வரவில்லை. காரணம் அத்தையின் சமையல். அத்தை எங்கள் வீட்டுக்கு வரும் நோம்பி, பண்டிகை நாட்களில் அம்மாவே அடுப்பை விட்டுக்கொடுத்து ஒதுங்கிக்கொள்வாள். கொள்ளை வேகவைத்துக் கடைந்து பூண்டு தட்டிப் போட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கிண்ணத்தோடு வருவார்கள். அரிசியும் பருப்புமாகச் சேர்த்து ஒரு சோறு ஆக்குவாள். அதில் சின்ன வெங்காயம் முழுசு முழுசாகக் கிடக்கும். மேலே ஒரு கரண்டி நெய். அதைத் தின்றுவிட்டுக் கையைக் கழுவ மனசு வராது.

அதைவிட அதிசயம் அவள் மூக்கு. அத்தை எதையும் வாயில் வைத்துப் பார்க்கமாட்டாள். குழம்பு கொதிக்கும்போது குனிந்து, உள்ளங்கையால் ஆவியை முகத்துப் பக்கம் வீசி, ஒரே ஒரு மூச்சு இழுப்பாள். "அரைக்கை உப்பு வேணும்" என்பாள். போட்டால் சரியாக இருக்கும். விசேஷ வீடுகளில் அண்டா அண்டாவாகக் கொதிக்கிற குழம்புக்கும் இதே வித்தைதான். அத்தை வந்து ஆவி பிடித்துச் சொல்லாமல் மாமாவின் பங்காளி வீடுகளில் எந்த அண்டாவையும் இறக்கமாட்டார்கள்.

அந்தச் சித்திரையில் அத்தைக்கு விஷக்காய்ச்சல் வந்து இருபது நாள் படுத்துக் கிடந்தாளாம். ஆவணியில் நான் போனபோது பாதி முடி கொட்டி, வளையல் முழங்கைவரை ஏறுகிற அளவுக்கு மெலிந்திருந்தாள். ஆனாலும் என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டு, "வந்துட்டியா சாமி, உனக்குன்னு கத்தரிக்காய்க் கொழம்பு வெச்சிருக்கறேன்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

முதல் வாய் வைத்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உப்பு. நாக்கு சுருண்டு தொண்டைக்குள் போகிற மாதிரி உப்பு. துப்பலாம் என்று வாயைத் திறந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். நான் அவரைப் பார்த்தேன். அவர் குழம்பைச் சோற்றில் நன்றாகப் பிசைந்து, உருண்டை உருட்டி, நிதானமாகத் தின்றுகொண்டிருந்தார்.

"எப்பிடி இருக்குது சாமி?" என்று அத்தை என்னைக் கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் மாமா முந்திக்கொண்டார். "கேக்கோணுமா? அமிர்தமாட்ட இருக்குது. இன்னம் ரெண்டு கரண்டி ஊத்து."

அத்தை ஊற்றினாள். அவர் அதையும் தின்றார். எனக்கு மோர்தான் அன்றைக்கு உயிர் கொடுத்தது. மறுநாள் பருப்பில் உப்பே இல்லை. அதற்கும் மாமா அமிர்தம் என்றார். மூன்றாம் நாள் ரசத்தில் புளி போட மறந்துபோயிருந்தது. அதுவும் அமிர்தமே. பெரியவர்கள் சில வீடுகளில் சில மாதிரி சாப்பிடுவார்கள் போலிருக்கிறது என்று நான் முடிவு செய்துகொண்டேன். பண்ணையாள் மட்டும் வேட்டி மடிப்பில் ஒரு உப்புக்கல்லை முடிந்து வைத்திருந்தான். அத்தை ஊற்றிய கூழைக் குடிக்கும்போது அதை எடுத்து ஒரு கடி கடித்துக்கொள்வான். மாட்டுக்கு வைத்திருக்கிற உப்பை இவன் தின்கிறானே என்று நான் நினைத்தேன்.

வாரம் பிறந்து சந்தை நாள் வந்தது. மாமா வெற்றிலைக் கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு பண்ணையாளோடு மோகனூர் சந்தைக்குப் புறப்பட்டார். நானும் தொற்றிக்கொண்டேன். வெற்றிலை விற்று முடிந்ததும் மாமா காவிரியில் இறங்கிக் கைகால் கழுவி, திருநீறு பூசி, என் கையைப் பிடித்துக்கொண்டு படித்துறைக்குப் போகும் தெருவில் நடந்தார். ஒரு தகரக் கொட்டகை முன்னால் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். அப்புறம் என்னை இழுத்துக்கொண்டு விசையாக உள்ளே நுழைந்துவிட்டார்.

அதுதான் கிளப்புக் கடை. புகையில் கறுத்த சுவர். நீள நீளமான பலகைகள். வாசலில் ஒரு பெரிய பித்தளை பாய்லர் உஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே தட்டி மறைத்த ஓர் இடத்தில் கடைக்காரரின் சாதியார் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எங்களுக்கு வெளிப் பலகை. எங்கள் பண்ணையாளுக்கு அதுவும் இல்லை. அவன் பின்பக்கச் சந்தில் நின்று கொட்டாங்குச்சியில் காப்பி வாங்கிக் குடித்தான். அன்றைக்கு அது எனக்கு அதிசயமாகப் படவில்லை. இப்போது அதுதான் அதிசயமாக இருக்கிறது.

வாழை இலைத் துண்டைப் போட்டுத் தண்ணீர் தெளித்தார்கள். துணியோடு தூக்கிக் கவிழ்த்த இட்லி நாலு, அப்படியே ஆவி பறக்க வந்து உட்கார்ந்தது. எங்கள் வீட்டில் தீபாவளிக்கு ஒருநாள் இட்லி உண்டு. இங்கே ஒரு சாதாரணச் சந்தை நாளில், தீபாவளியும் இல்லாமல், எண்ணெய்க் குளியலும் இல்லாமல், யாரும் கேட்காமல் இட்லி கொடுக்கிறார்கள்! தேங்காயும் பொட்டுக்கடலையும் அரைத்த சட்னியை ஓடவிட்டார்கள். அது இலை ஓரத்தைத் தாண்டிப் போகாமல் நான் இட்லியால் அணை கட்டினேன். பின்னால் வெங்காய சாம்பார் வந்து அணையை உடைத்தது. இலையில் ஒரு துளி மிச்சம் வைக்காமல் வழித்துத் தின்றேன். கடைசியில் மாமா எனக்கென்று கொஞ்சம் சொஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். மந்தாரை இலையில் மஞ்சளாக, நெய் பளபளக்க, சூடாக. ஒரு முந்திரிப் பருப்பும் அதில் இருந்தது. அதைக் கடைசியில் தின்பதற்காக ஓரத்தில் ஒதுக்கி வைத்து, கடைசியில் தின்றும்விட்டு, கொஞ்சநேரம் வருத்தப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமா காப்பி குடித்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஆசாரத்தில் அவர் மிகவும் கண்டிப்பு. எச்சில் என்றால் ஆகாது. வீட்டில் அத்தை குடித்த செம்பைக் கழுவாமல் தொடமாட்டார். குலதெய்வத்துக்கு விளக்கு வைக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டார். அப்படிப்பட்டவர், கொதிக்கிற காப்பியை உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். ஒரு துளி மீசையில் சிந்தவில்லை. வட்டாவில் இருந்த கடைசி வாயை எனக்கு ஊற்றினார். கசந்தது. ஆனால் கசக்கிறது என்று சொன்னால் அடுத்த தடவை கிடைக்காமல் போய்விடுமே என்று பேசாமல் விழுங்கினேன்.

கடைக்காரர் பாலக்காட்டுப் பக்கத்து ஆள். வேடிக்கையாகப் பேசுவார். "வாரம் தவறாம வரேளே, வீட்டுல சமைக்கிறதில்லையா?" என்று மாமாவைச் சீண்டினார்.

"என்ற ஊட்டுக்காரி சமையலுக்கு முன்னால உங்க கடையெல்லாம் நிக்காதுங்க" என்றார் மாமா.

"பின்னே இங்க ஏன் வரேள்?"

"அதையே நெதமும் தின்னா அதோட அருமை தெரியாமப் போயிருமுங்களே."

வண்டியில் திரும்பும்போது மாமா என்னிடம், "கடைக்குப் போனத அத்தைகிட்டச் சொல்லாத கண்ணு. அவ மனசு சங்கடப்படுவா" என்றார். நான் தலையை ஆட்டினேன். வாரா வாரம் இட்லி கிடைக்குமென்றால் நான் எதைத்தான் சொல்லாமல் இருக்கமாட்டேன்? வீட்டுக்கு வந்ததும் அவர் கைகால் கழுவிக்கொண்டு, காலையிலிருந்து பட்டினி கிடந்த மாதிரி உட்கார்ந்து, அத்தை வைத்திருந்த குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். வயிற்றில் எங்கே இடம் வைத்திருந்தாரோ!

இப்படியே ஏழெட்டுச் சந்தை ஆயிற்று. ஐப்பசியில் மாமாவின் பங்காளி வீட்டில் காதுகுத்து வந்தது. குலதெய்வம் கோயிலில் வைத்துச் செய்கிறார்கள். அத்தைதான் சமையலுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் மாமா என்னென்னவோ காரணம் சொல்ல ஆரம்பித்தார். மாட்டுக்குக் கால் நொண்டுகிறது என்றார். அந்த மாடு அப்போதுதான் வாய்க்காலைத் தாண்டிக் குதித்து வந்திருந்தது. நீ காய்ச்சலில் கிடந்து எழுந்தவள், புகையில் நிற்கக்கூடாது என்றார். கடைசியில், நாமக்கல்லிலிருந்து ரெண்டு சமையலாளைக் கூட்டிவரச் சொல்லலாமே என்றார்.

அத்தை அதுவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, என்ற கை சமைக்கறதுல உங்களுக்கு என்னங்க கொறை?" என்றாள்.

"நான் கொறை சொன்னனா?"

"சொல்லீட்டாக்கூடத் தேவலீங்க."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொடிக்காலுக்குப் போய்விட்டார். அத்தை அடுப்படியில் உட்கார்ந்து புளியிலிருந்து கொட்டை எடுத்தாள். எடுத்த கொட்டையையும் புளியையும் ஒரே தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. நல்ல வார்த்தையாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன், அகப்பட்டது.

"மாமா உங்களைக் கொறையே சொல்லமாட்டாருங்க அத்தே. கிளப்புக் கடைக்காரர் கேட்டப்பக்கூட, என்ற ஊட்டுக்காரி சமையலுக்கு முன்னால உங்க கடை நிக்காதுன்னுதான் சொன்னாரு."

புளி எடுக்கிற கை நின்றது.

"கிளப்புக் கடைக்கு எப்பச் சாமி போனீங்க?"

சொல்லியாகிவிட்டது. இனி மறைத்து என்ன? "எல்லாச் சந்தைக்குந்தானுங்க" என்றேன்.

அத்தை கோபிப்பாள், மாமாவைத் திட்டுவாள் என்று பயந்தேன். அவள் குரல் உயரவே இல்லை. "அங்க கொழம்பு எப்பிடி இருக்குது?" என்று மட்டும் கேட்டாள்.

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். வெங்காயத்தைச் சொல்லியிருக்கலாம், கொத்தமல்லியைச் சொல்லியிருக்கலாம். எனக்கு முதலில் வாயில் வந்தது, "உப்பு சரியா இருக்குதுங்க" என்பதுதான்.

அத்தை எழுந்தாள். மதியத்துக்கு வைத்திருந்த குழம்பில் ஒரு கரண்டி எடுத்து என் உள்ளங்கையில் ஊற்றினாள். "பொய் சொல்லாமச் சொல்லு. எப்பிடி இருக்குது?"

நக்கிப் பார்த்தேன். "கரிக்குதுங்க அத்தே."

"நேத்து?"

"நேத்து உப்பே இல்லீங்க."

அவள் அடுப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என்னிடமா தனக்குத்தானா என்று தெரியாமல் பேசினாள். "காய்ச்சலுக்கு அப்பறம் மூக்குல ஒண்ணுந் தெரியறதில்ல சாமி. மல்லிகையும் மாட்டுச் சாணியும் ஒரே மாதிரிதான் இருக்குது. நாக்கும் மரக்கட்டையாட்டப் போச்சு. கை தப்பாதுன்னு நெனச்சேன். அந்த மனுசன் ரெண்டாந்தரம் வாங்கித் திங்கறாரேன்னு..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாமன்கிட்ட இதச் சொல்லாத. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா அவரு மனசு சங்கடப்படுவாரு" என்றாள்.

ஆக, ஒரே வீட்டில் இரண்டு பேர் சொல்லாதே என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

மறுநாளிலிருந்து அடுப்படியில் எனக்கு வேலை வந்தது. ஒவ்வொன்றும் கொதித்து வரும்போது அத்தை என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவாள். "கொஞ்சம் வேணுங்க", "போதுமுங்க", "புளிக்குதுங்க" என்று சொல்லுவேன். நான் சொல்லச் சொல்ல, ஒரு ஆழாக்குப் பருப்புக்கு எத்தனை சிட்டிகை, ஒரு சட்டிக் குழம்புக்கு எவ்வளவு என்று அவள் விரல் திரும்பவும் படித்துக்கொண்டது. அப்பளம், வடகம், வெல்லம் எல்லாம் எனக்கு நடு நடுவே கூலியாக வந்துகொண்டிருந்தன.

அன்று மதியம் மாமா சாப்பிட உட்கார்ந்தார். முதல் கவளத்தை வாயில் வைத்தவர் மெல்லாமல் நிறுத்தினார். அத்தையைப் பார்த்தார். அவள் மோர்ப் பானைப் பக்கம் திரும்பி நின்றாள். என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அப்புறம் அவர் வேகவேகமாகச் சாப்பிட்டார். இரண்டாம் தரம் வாங்கினார். மூன்றாம் தரமும் வாங்கினார். கை கழுவும்போது, "அமிர்தமாட்ட இருக்குது" என்றார். பாவம், அந்த வார்த்தையை அவர் ஆறு மாதமாக எல்லா நாளும் செலவழித்திருந்தார். உண்மையாகவே அமிர்தமாக இருந்த அன்று அவரிடம் சொல்ல வேறு வார்த்தை இல்லை.

இதில் நஷ்டம் எனக்குத்தான். அடுத்த சந்தை நாளில் வெற்றிலை விற்று முடிந்ததும் மாமா வண்டியை நேரே வீட்டுக்கு ஓட்டினார். கிளப்புக் கடைத் தெரு வந்தபோது நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அத்தை கொள்ளுப் பருப்புக் கடையறேன்னு சொல்லியிருக்கறா கண்ணு, சூடு ஆறிப்போயிரும்" என்றார். என் நாக்கே எனக்குச் சத்துருவாகிவிட்டது என்று அந்த வண்டியில் வரும்போதுதான் உணர்ந்தேன். பொரிகடலைப் பொட்டலம் ஒன்று வாங்கிக் கொடுத்தார். இட்லிக்குப் பொரிகடலை ஈடாகுமா?

காதுகுத்துக்கு நாங்கள் விடியும்போதே போய்ச் சேர்ந்தோம். மாமா அதற்கப்புறம் தடை ஒன்றும் சொல்லவில்லை. கோயிலைச் சுற்றிப் புளியமரங்கள். மண்ணை வெட்டிக் கோட்டை அடுப்பு எடுத்து மூன்று அண்டா ஏற்றியிருந்தார்கள். ஊர்ச் சனமும் ஒறம்பரையாக வந்த உறவுச் சனமுமாக இருநூறு பேருக்கு மேல் இருப்பார்கள். அந்தக் கோயிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சமைத்தது முதலில் அம்மனுக்குப் படைக்க வேண்டும். அதற்கு முன்னால் யாரும் வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது. பார்த்தால் கண் போய்விடும் என்று பூசாரி எல்லாப் பிள்ளைகளையும் நிற்க வைத்து மிரட்டியிருந்தார். ஆவி பிடிப்பதைப் பற்றி அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் அத்தைக்கு அங்கே அத்தனை மரியாதை.

என் நாக்கு அன்றைக்கு உதவாது என்று அத்தைக்கும் தெரியும். வீட்டிலேயே எல்லாவற்றையும் கணக்குப் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள். குழம்பில் பாதி உப்பைப் போட்டாள். மீதியைக் கொதி வந்தபின் போடலாம் என்று வைத்தாள். அந்த நேரத்தில், காது குத்துகிற குழந்தை தாய்மாமன் மடியில் அடங்காமல் வீறிட்டு அழுகிறது, பெரியம்மா முறையான அத்தை வந்து பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போய்விட்டுத் திரும்பி வந்தால், மாமாவின் தம்பி வீட்டுக்காரி அண்டாப் பக்கத்தில் கரண்டியோடு நிற்கிறாள். உதவி செய்வதில் அவளுக்கு நிகர் யாரும் கிடையாது.

"அக்கா, நீங்க வரலையேன்னு நானே உப்பப் போட்டுட்டனுங்க. போட்டனா? இல்லே, அது அந்த அண்டாவுக்கோ என்னவோ... இந்தச் சனக் கூட்டத்துல ஒண்ணும் நெனப்பில்லீங்க. அதுக்கென்ன, நீங்க ஆவி புடிச்சாத் தெரிஞ்சுருமே!"

அடுப்பைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் வழிவிட்டார்கள். அத்தை அண்டாவிடம் போனாள். குனிந்தாள். உள்ளங்கையால் ஆவியை வீசி மூச்சை இழுத்தாள். நிமிரவில்லை. இன்னொரு தரம் இழுத்தாள். அவள் முகத்தில் வேர்வை வழிந்தது. புகையால் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அவள் கண் என்னைத் தேடியது எனக்கு மட்டும் தெரிந்தது. உப்புப் போட்டால் கரிக்கலாம். போடாவிட்டால் சப்பென்று போகலாம். அம்மனுக்குப் படைப்பது. இருநூறு இலை. கோயிலில் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் ஓடினேன். புளியமரத்தடியில் ஆண்களோடு உட்கார்ந்திருந்த மாமாவின் காதில், மூச்சு வாங்க, சொல்லாதே என்று அத்தை கேட்டுக்கொண்ட எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அத்தைக்கு வாசமே தெரியாதுங்க மாமா! சின்ன அத்தை உப்புப் போட்டாங்களா இல்லையான்னும் தெரியாதுங்க! மணி அடிச்சுட்டாங்க!"

மாமா திடுக்கிடவில்லை. "தெரியும் கண்ணு" என்றார். "காய்ச்சல் விட்டு அவ எந்திரிச்சு வெச்ச மொத ரசத்துலயே தெரியும்."

எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, பெண்கள் சமைக்கிற பக்கம் நடந்தார். சுருட்டுக்கு நெருப்பு வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அடுப்பருகில் குனிந்தார். குழம்புக் கரண்டி பக்கத்தில் ஒரு இலைமேல் கிடந்தது. எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற மாமா, கரண்டியின் குழியில் விரலை வைத்து வழித்து, அந்த விரலை வாயில் வைத்துக்கொண்டார். நான் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றேன். அத்தை அண்டாவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். வேறு யாரும் பார்க்கவில்லை. அடுத்த நிமிஷம் மாமாவின் கண் போகப்போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

மாமா கனைத்துக்கொண்டு சத்தமாகப் பேசினார். "ஏ புள்ளே, அடுப்புல இன்னம் ரெண்டு கை வெறகு வேணுமாட்ட இருக்குதே."

விறகைக் கையால் யார் அளப்பார்கள்? கட்டை என்பார்கள், கட்டு என்பார்கள். நான் கண்ணைத் திறந்தேன். அத்தை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க" என்றாள். "ரெண்டு கை வேணும்." உப்புப் பானைக்குள் கையை விட்டு, ஒன்று, இரண்டு என்று அள்ளி அண்டாவில் போட்டாள். கரண்டியை எடுத்துத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, குழம்பைக் கிளறிவிட்டு நிமிர்ந்தாள். "எறக்குங்க" என்றாள்.

படையல் ஆயிற்று. பந்தி உட்கார்ந்தது. குழம்பை மறுபடி மறுபடி கேட்டு வாங்கினார்கள். காய்ச்சலுக்கு அப்புறம் அத்தையின் கைமணம் இன்னும் கூடிப்போயிற்று என்று ஒரு கிழவர் சொன்னார். மாமாவின் தம்பி வீட்டுக்காரி, நானும் ஒரு கை போட்டனே என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா கடைசிப் பந்தியில் உட்கார்ந்து குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அன்றைக்கு அவர் அமிர்தம் என்று சொல்லவில்லை. வழக்கமாகப் படையல் முடிந்ததும் முதல் ஆளாகப் போய்த் திருநீறு வாங்குகிறவர், கோயிலுக்குள்ளும் போகவில்லை.

எனக்கு அதற்கப்புறம் ஒரு வாரம் தூக்கமில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மாமாவின் முன்னால் போய் நின்று, விரலைக் காட்டி, "இது எத்தனைங்க மாமா?" என்று கேட்பேன். அவர் சரியாகத்தான் சொன்னார். அம்மனுக்குத் தெரியாமல் போய்விட்டதா, அல்லது கணக்கு இன்னும் வரவில்லையா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமா யாரிடமும் சொல்லாமல் விடிவதற்கு முன்னால் புறப்பட்டுப் போனார். உச்சிப் பொழுதுக்கு வாசலில் யாரோ ஒரு புது ஆள் வந்து நின்றார். நான் அத்தையைக் கூப்பிட ஓடினேன். அப்புறம்தான் அது மாமா என்று தெரிந்தது. தலை முழுக்க மழித்திருந்தார். மீசையும் இல்லை. அந்த மீசைக்கு அவர் எத்தனை வருஷம் விளக்கெண்ணெய் தடவி வளர்த்தாரோ, அது இருந்த இடத்தில் வெளுத்த தோல் ஒரு கோடு போல இருந்தது. ஈர வேட்டியோடு, நெற்றியில் அம்மன் கோயில் திருநீறோடு, பெரிய பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றார்.

அக்கம்பக்கத்தார் வந்து விசாரித்தார்கள். யாருக்கு என்ன வேண்டுதல், மகளுக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா என்றார்கள். "ஒண்ணுமில்லீங்க, வெயிலுக்குக் குளுமையா இருக்குமேன்னுதான்" என்றார் மாமா. நாலு நாளாக மழை விடாமல் பெய்து, வாய்க்கால் கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்தது.

அத்தை மட்டும் எதையும் கேட்கவில்லை. மாமா ஒரு முழ வேட்டி கூடுதலாக எடுத்தால்கூட எதற்கு என்று கேட்கிறவள், அன்று கேட்கவில்லை. உள்ளே போய்ச் சந்தனத்தை அரைத்து எடுத்து வந்தாள். மாமாவை மணையில் உட்கார வைத்து, பின்னால் நின்றுகொண்டு, அந்த மொட்டைத் தலையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசினாள். ரொம்ப நேரம் பூசினாள். ஏற்கெனவே பூசிய இடத்திலேயே மறுபடியும் பூசினாள். மாமா குழந்தை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அத்தையின் தோள் குலுங்குவதை நான் பார்த்தேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். மொட்டையையும் மீசையில்லாத முகத்தையும் பார்த்து அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை என்று நினைத்தேன். எனக்கும் அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.